அண்ணைக்கு வைச்ச கல்

உந்தப் பைக்குள்ளை இருக்கிறது வறுத்த மிளகாய்த்தூள்தானே, பிள்ளை? ஓமெண்டு சொல்லும். பஸ்ஸிலை ஏறின உடனை மணத்திலையே பிடிச்சிட்டன். இந்த ஒக்ஸ்போட் பக்கத்து வயலுக்குள்ளை ஓடுற பஸ்ஸிலை எங்கடை தூள் மணக்குமெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. இரும், இரும், எழும்பாதேயும். பையை மடியிலை வையும், நான் இதிலை இருக்கிறன். எந்த ஊர் நீர்? பருத்தித்துறையோ? ஓ, அது அம்மா ஆக்களின்ரை ஊர். நீர் இஞ்சை பிறந்தனீர். தமிழ் விளங்கும்தானே? விளங்கினால் காணும். கதைக்கிற வேலையை நான் பாத்துக்கொள்ளுறன்.

எங்கை இறங்கிறீர்? நெதர்கோம்பிலையோ! மருந்துக்கடையிலை வேலையோ? அட, நானும் அங்கைதான். அங்கை எனக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். உண்மையாத்தான், சிரிக்காதேயும். என்ரை அண்ணை. கூடப்பிறந்த மூத்த அண்ணை. ஏன் முழிக்கிறீர்? செத்தவர், பிள்ளை. போன வருசம் மாசி மாதம். அங்கத்தைச் சவக்காலையிலைதான் தாட்டிருக்கு, புதைச்சிருக்கு.

சைவக்காரரை எரிக்காமல் மண்ணிலை தாக்கிறதோ எண்டு கேக்க வாறீர். கேக்காதேயும். இந்தக் கேள்வியை லண்டனிலை இருக்கிற தமிழ்ச்சனம் முழுக்கக் கேட்டு முடிச்சிட்டுது. கோயிலிலை கேட்டது, கலியாணவீட்டிலை கேட்டது, மரக்கறிக்கடையிலை வெண்டிக்காய் முறிச்சுக்கொண்டு நிண்ட ஒரு மனிசி, ஆரெண்டே தெரியாது, அதுகும் கேட்டது. எங்கடை ஆக்களுக்கு விடுப்புக் கேக்கிறதெண்டால் சோறு தண்ணி தேவையில்லை. நான் செய்த வேலை என்னெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை. உமக்கு விளங்கும். முகத்திலை தெரியுது.

என்ரை பேர் குலவீரசிங்கம். லண்டன் ஹரோவிலை கணக்காளர். வெள்ளைக்காரர் என்னைக் கூல் எண்டு கூப்பிடுறவை. அதோடை நான் ஆங்கர் அண்ட் ஏக்கரிலை சீனியர் பெலோ, மூத்த ஆய்வாளர். கேள்விப்பட்டிருக்கிறீரோ, ஆங்கர் அண்ட் ஏக்கர்? நங்கூரமும் காணியும் எண்டு அர்த்தம். இல்லையோ? பரவாயில்லை, இன்னும் ஆரும் பெரிசாக் கேள்விப்படேல்லை. துவங்கி ரெண்டு வருசம்தானே. அது ஒரு திங்க் டாங்க், பிள்ளை. நாலு பேர் ஒரு அறைக்குள்ளை இருந்து, நாடு என்ன யோசிக்க வேணுமெண்டு யோசிக்கிற இடம். நாங்கள் எழுதிக் குடுக்கிறதை வலதுசாரி ஆக்கள் வாசிச்சிட்டு, தாங்களே விடிய எழும்பி யோசிச்ச மாதிரி ரேடியோவிலை சொல்லுவினம். சொன்னால் எங்களுக்குப் பெருமை. சொல்லாட்டில் இன்னொண்டு எழுதிக் குடுப்பம்.

கந்தோர், உங்கடை பாசையிலை ஒபிஸ், பாராளுமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவிலை, ஒரு சான்ட்விச் கடைக்கு மேலை. உள்ளுக்குப் போனால் நீர் செருப்பைக் கழட்டிப்போடுவீர், அவ்வளவு பழமை. சுவர் முழுக்கத் தோல் அட்டைப் புத்தகம். வாடகைக்கு எடுத்தது. மேலை படத்திலை தாடிக்காரக் கிழவன் ஒருத்தன் முறைச்சுக்கொண்டு இருப்பான். அவனும் வாடகைதான், ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நடுவிலை ஒரு நெருப்படுப்பு, கரண்டிலை எரியுது. நான் பகிடி பண்ணுறன் எண்டு நினையாதேயும். நாங்களும் கலியாணத்துக்கு மணவறையை வாடகைக்குத்தானே எடுக்கிறம், அதுக்காகக் கலியாணம் பொய்யோ?

டிரெக்டர், பியர்ஸ் எண்டு ஒரு பொடியன். முப்பது முப்பத்தொண்டு இருக்கும். தாய் ஜெனீவாவிலை, தகப்பன் துபாயிலை. அவனை ஏழு வயசிலை கொண்டுபோய் விடுதிப் பள்ளிக்கூடத்திலை விட்டவை. அவன் எழுதுறதெல்லாம் வீடு, வேர், மண். வாசிச்சால் கண்ணீர் வரும். பிறகு தலைவர், விதர்கோட் பிரபு. இந்த நெதர்கோம்பிலை அவரின்ரை பரம்பரை மாளிகை இருக்கெல்லே, ரோட்டிலை நிண்டு பாத்தால் புகைபோக்கி மட்டும் தெரியும், அதுதான். நீர் அவரைக் கண்டிருக்க மாட்டீர். இஞ்சத்தைக் குளிர் மனிசனுக்கு ஒத்துக்கொள்ளாது, வருசத்திலை முக்கால்வாசி பிரான்சிலைதான். அங்கை இருந்துகொண்டு நாட்டை நினைச்சு உருகுவார்.

நான் என்னெண்டு உள்ளுக்குப் போனனான் எண்டு கேளுமன். ஒரு வியாபாரிகள் விருந்திலை பியர்ஸ் எனக்குப் பக்கத்துக் கதிரை. என்ரை கதையைச் சொன்னன். அகதியா வந்தது, ஒருத்தரிட்டையும் கை நீட்டாமல் படிச்சது, சொந்தமாக் கந்தோர் போட்டது. படிக்கிற காலத்திலை இருக்க இடமும் சாப்பாடும் தந்தது அண்ணைதான், அது குடும்ப விசயம், விருந்திலை சொல்லத் தேவையில்லை. பொடியன் கேட்டுப்போட்டுச் சொன்னான், ‘கூல், உங்களை மாதிரி ஒரு ஆளைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தம்’ எண்டு. எனக்குச் சந்தோசப் புழுகம் தாங்கேல்லை. முப்பத்தைஞ்சு வருசமா இந்த நாட்டிலை இருக்கிறன், பிள்ளை. என்னைத் தேடினனாங்கள் எண்டு சொன்ன முதல் வெள்ளைக்காரன் அவன். வரிக்கந்தோரை விட்டால்.

அடுத்த கிழமையே நான் சீனியர் பெலோ. அவையின்ரை கணக்கையும் நானே சும்மா பாத்துக் குடுத்தன். வீட்டிலை வந்து சொன்னன், போற போக்கிலை என்னை மேல்சபைக்கும் எடுப்பினம் போலை எண்டு. என்ரை மனிசி சொல்லுறா, ‘அப்படியோ, லோர்ட், முதல்லை குப்பைவாளியைக் கொண்டுபோய் வெளியிலை வையுங்கோ’ எண்டு. இதுதான் எங்கடை சனம். ஒருத்தன் மேலை வாறது கண்ணிலை காட்டக்கூடாது.

அவையின்ரை வேலை முறை ஒண்டு இருக்கு, அதை நீர் தெரிஞ்சுகொள்ள வேணும். நாங்கள் கணக்காளர் என்ன செய்வம்? கூட்டிப் பாத்திட்டுத்தானே விடையைச் சொல்லுவம்? அங்கை அப்படியில்லை. முதல்லை தலைப்பு. தலைப்பு வெள்ளிக்கிழமையே பேப்பர்க்காரரிட்டைப் போயிடும். ஆராய்ச்சி திங்கட்கிழமைதான் துவங்கும். எனக்கு முதல்லை தலை சுத்தினதுதான். பிறகு பழகிட்டுது. முடிவு தெரிஞ்சால் வேலை எவ்வளவு சுகம் தெரியுமே?

அப்படித்தான் வேர்க்கணக்கு வந்தது. ரூட்ஸ் இன்டெக்ஸ். அதுதான் எங்கடை முதல் பெரிய வேலை. தலைப்பு, ‘பிரித்தானியாவிலை வேர் பிடிக்காதவர் யார்?’ ஆரெண்டு பியர்ஸுக்கு முதலே தெரியும், அதாலை கேள்வி எழுதுறது சுகமா இருந்தது. உம்மடை வீட்டின்ரை மற்றச் சாவி ஆரிட்டை இருக்கு? தாய் தகப்பன் எவ்வளவு தூரத்திலை? எத்தினை சங்கத்திலை இருக்கிறீர்? நீர் செத்தால் பெட்டி தூக்க எத்தினை பேர் வருவினம்? இப்படி. நல்ல கேள்விகள், நான் குறை சொல்லேல்லை. நூறுக்குப் புள்ளி. கேக்க ஆக்களை அனுப்பினவை, எங்கடை ஹரோவுக்கும் வந்தவை.

நாசமாப் போக, பிள்ளை! முடிவு வந்துது, ஹரோத் தமிழர் முதலாமிடம்!

சிரிக்கிறீர் என்ன? கேட்டால் அப்படித்தானே வரும்? சாவி தங்கச்சியிட்டை, தங்கச்சியின்ரை சாவி மச்சானிட்டை, மாமி மேல்மாடியிலை. சங்கமோ, கேக்க வேணுமே! கோயில் சபை, அதிலை இருந்து பிரிஞ்ச சபை, ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், அதுக்கு வழக்குப் போட்ட சங்கம். பெட்டி தூக்கவோ, ஆள் கூடிப்போய்ச் சண்டை வரும். கடைசியிலை நிண்டது ஆர் தெரியுமே? பியர்ஸ் இருக்கிற இடம். அவன்ரை மற்றச் சாவி ஒரு கம்பனியிட்டை. பெட்டி தூக்க ஆரெண்டு கேட்டதுக்குப் பொடியன் போனிலை இருந்த பேரெல்லாம் தள்ளிப் பாத்திட்டு, ‘அதுக்கும் கம்பனி இருக்குத்தானே’ எண்டான். எனக்கு அந்த நேரம் அவனைப் பாக்கப் பாவமாப் போச்சு. பிரபுவுக்குப் பியர்ஸைவிட ரெண்டு புள்ளி கூட, நாய் இருக்கிற படியாலை.

தலைப்பு ஏற்கெனவே பேப்பர்க்காரரிட்டைப் போயிட்டுது. என்ன செய்யிறது? வட்டமேசை போட்டவை. குளிர்ந்த சான்ட்விச்சும் வைனும். ஒருத்தரும் ‘நாங்கள் பிழை’ எண்டு சொல்லேல்லை. ‘கணக்கிலை ஆழம் காணாது’ எண்டவை. அப்பதான் பிரபு, அவர் நித்திரை எண்டுதான் நான் நினைச்சனான், கண்ணைத் திறந்து சொன்னார், ‘இறந்தவர்களைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையே’ எண்டு. உமது குடும்பத்தின்ரை பேர் இந்த நாட்டு மண்ணிலை ஒரு கல்லறைக் கல்லிலை இருக்கோ? அதுதான் கேள்வி. அதுக்கு நூறிலை அரைவாசிப் புள்ளி. பிரபுவுக்கு ஒரு தேவாலயம் நிறைய முன்னோற்றை கல்லு. பியர்ஸுக்கும் எங்கையோ ஒரு பெரியம்மாவின்ரை கல்லு அம்பிட்டுது.

எங்களுக்கு? நாங்கள் எரிச்சு, சாம்பலையும் தண்ணியிலை கரைச்சுப்போட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டை வாற ஆக்கள். இந்த நாடு முழுக்கத் தேடினாலும் எங்கடை சைவச்சனத்துக்கு ஒரு கல்லுக் கிடையாது. ஹரோ மேலை இருந்து கீழை விழுந்துது பாரும், தடாலெண்டு. தலைப்புத் தப்பிச்சுது.

நான் சும்மா இருந்தன் எண்டு நினைக்கிறீரோ? கேட்டனான். ‘பியர்ஸ், இது சரியோ?’ எண்டு நேரை கேட்டனான். அவன் என்ரை தோளிலை கையைப் போட்டு, ‘கூல், கவலை உங்களைப் பற்றித்தான். எங்கடை சீனியர் பெலோவுக்கே புள்ளி காணாது எண்டு எதிராளியள் கேட்டால் நான் என்ன சொல்ல? மேல்சபைக்கு உங்கடை பேரைச் சொல்லேக்கை பிரபு என்ன சொல்லுவார்?’ எண்டான். எவ்வளவு அன்பெண்டு பாரும். தன்னைப்பற்றி யோசிக்கேல்லை, என்னைப்பற்றித்தான் யோசிச்சவன்.

அந்த மாசியிலைதான் அண்ணை செத்தவர்.

தர்மகுலசிங்கம் எண்டு பேர். நெஞ்சுநோ. பேக்கரியிலை வேலை செய்து களைச்ச மனிசன், ஓய்வெடுத்து ஒரு வருசமும் முழுசா இருக்கேல்லை. பிள்ளையள் இல்லை, அவரும் திலகேஸ்வரி அண்ணியும்தான். அண்ணிக்கு இங்கிலீசு ஓடாது. அதாலை ஆஸ்பத்திரி, பதிவு, பெட்டி எல்லாம் நான்தான் ஓடித்திரிஞ்சனான். இல்லாட்டில் ஆர் செய்யிறது? அந்தக் கோதாரிக் குளிருக்கை, எரிக்கிற இடத்திலை மூண்டு கிழமைக்கு நாளில்லை எண்டவை. நான் பியர்ஸுக்குச் சொன்னன், பியர்ஸ் பிரபுவுக்குச் சொன்னான். பிரபு பிரான்சிலை இருந்து தானே போன் எடுத்தார், பிள்ளை, தானே! தன்ரை ஊரிலை, தன்ரை காணிக்குப் பக்கத்திலை இருக்கிற சவக்காலையிலை அண்ணைக்கு ஒரு இடம் தாறனெண்டு. வெளியாளுக்கு அங்கை இடம் குடுத்ததே இல்லையாம். நீரே சொல்லும், இது மரியாதையோ இல்லையோ?

அண்ணி முதல்லை மாட்டன் எண்டவ. ‘அவரை மண்ணிலை தாக்க வேண்டாம் தம்பி, மூண்டு கிழமையெண்டாலும் நான் பாத்துக்கொண்டிருக்கிறன், சாம்பலைக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலிலை கரைக்கவேணும்’ எண்டு அழுதவ. நான் சொன்னன், இது அண்ணையின்ரை விருப்பம், என்னட்டைச் சொன்னவர் எண்டு. பிறகு அவ எழும்பிப்போய் அண்ணைக்கு உடுத்த வேட்டி எடுத்துத் தந்தவ. அண்ணை சொன்னவரோ எண்டு நீர் கேட்டால், நேரை வாயாலை சொல்லேல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்டு அவர் இல்லையெண்ட ஒரு விசயம் கிடையாது. படிக்க வேணுமெண்டன், படிப்பிச்சார். கந்தோர் போட வேணுமெண்டன், கையெழுத்து வைச்சார். வந்த முதல் மாரியிலை தன்ரை கோட்டைக் கழட்டி எனக்குத் தந்திட்டு, எனக்குக் குளிரேல்லையெண்டு பல்லுக் கிடுகிடுக்கச் சொன்ன மனிசன். ஒரு கல்லுக்கு இல்லையெண்டிருப்பாரே?

ஐயர் வரமாட்டன் எண்டிட்டார். குழந்தையளையும் சாமியாரையும்தான் தாக்கிறது, மற்ற ஆக்களுக்கு என்னத்தை ஓதுறது எண்டு கேட்டார். அண்ணையும் ஒரு சாமியார் மாதிரித்தான் ஐயா, சிகரெட்டு மட்டும்தான் விடேல்லை எண்டன். சிரிக்கேல்லை அந்தாள். சரி, போகட்டும். ஒரு பாதிரியார் வந்தார், தங்கமான மனிசன், மழைக்குக் குடை பிடிச்சுக்கொண்டு ஏதோ ரெண்டு வரி பொதுவாச் சொன்னார். சொந்தக்காரர் ஒரு வானிலை வந்து, தூரத்திலை நிண்டு பாத்திட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் திரும்பிட்டினம். பெட்டி தூக்கினது நானும் பியர்ஸும் சவக்காலை ஆக்களும். பெட்டி தூக்க ஆள் கூடிச் சண்டை வருமெண்டனே? வரேல்லை.

கல்லு வைச்சம். வடிவான சாம்பல் நிறக் கல்லு. தமிழிலை பேர் வெட்ட அந்த ஊர்ச் சபை விடேல்லை, சூழலுக்குப் பொருந்தாதாம். அவையின்ரை ஊர், அவையின்ரை சட்டம். முழுப்பேரும் அகலத்துக்கு அடங்கேல்லை. டி. கே. சிங்கம் எண்டு போட்டிருக்கு. எங்கடை ஊர் கோண்டாவிலெண்டு போடுவமெண்டு நினைச்சனான், பியர்ஸ் வேண்டாமெண்டான். வேர் இஞ்சை எண்டு காட்டுற இடத்திலை வேறை ஊரின்ரை பேரைப் போடலாமே? அதுகும் நியாயம்தானே.

அடுத்த மாதம் விருந்து. நான் எழும்பி அண்ணையைப் பற்றிப் பேசினன். இந்த மண்ணிலை என்ரை ரத்தம் கிடக்கு எண்டன். பிரபு கண்ணைத் துடைச்சவர். எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை. எனக்கு எழுபது புள்ளி. எழுபது! பியர்ஸைவிடக் கூட! அன்றைக்கு நான் நடந்தன் எண்டு சொல்லேலாது, பறந்தன்.

பிறகென்ன. பேப்பரிலை ஒருத்தன் பகிடியா எழுதிப்போட்டான், ஆங்கர் அண்ட் ஏக்கரின்ரை கணக்குப்படி ஹரோக் கணக்காளர் டிரெக்டரைவிட உள்ளூர்க்காரன் எண்டு. திரும்ப வட்டமேசை. திரும்பச் சான்ட்விச். கல்லு எண்டால் எல்லாக் கல்லும் கல்லில்லையாம். பாட்டன் காலத்துக்கு முந்தின கல்லாய் இருக்க வேணுமாம். நான் கேட்டன், ‘பியர்ஸ், அப்ப என்ரை அண்ணை?’ எண்டு. அவனுக்கும் முகம் சிவந்து போச்சு, நல்ல பொடியன்தான். மெல்லமாச் சொன்னான், ‘கூல், கோவிக்காதேங்கோ, எங்கையோ ஒரு கோடு போடத்தானே வேணும். புதுக் கல்லெண்டால் ஆரும் வைக்கலாம்தானே’ எண்டு.

ஆரும் வைக்கலாமாம். நூறு வருசத்துக்கு முந்தியே செத்துப்போங்கோ எண்டு அண்ணைக்கு நான் சொல்லியிருக்க வேணும். மறந்திட்டன். என்ரை பிழைதான்.

இல்லை, எனக்குக் கோவமில்லை. ஏன் அப்படிப் பாக்கிறீர்? நான் என்ன விசரனே, எனக்கு விளங்காதே? விளங்கும். ஆனால் நான் விட்டிட்டு வந்தால் ஆருக்கு லாபம்? கோயிலடியிலை நிண்டு சிரிக்கிறவைக்குத்தான் லாபம். அந்தப் புழுகத்தை அவைக்கு நான் குடுக்க மாட்டன். அதோடை பியர்ஸ் என்னைக் கைவிடேல்லை. புள்ளி போனால் என்ன, ஒரு படம் எடுப்பம் எண்டான். ‘முதற் கல்.’ வேர் எப்படித் துவங்குது எண்டு ஒரு சின்னப் படம், நானும் அண்ணையும்தான் அதிலை. அண்ணையெண்டால் கல்லு. இன்றைக்குத்தான் அந்தப் படப்பிடிப்பு. அதுக்குத்தான் கோட்டும் சூட்டும். டை சரியா இருக்கே, பிள்ளை? ஒருக்காப் பாரும்.

ஒரேயொரு கரைச்சல், அண்ணி. அவ ஒரு லோயரைப் பிடிச்சிட்டா. அரசாங்கத்திட்டை அனுமதி எடுத்து அண்ணையை வெளியிலை எடுத்து எரிக்கப்போறாவாம். அந்த நிலத்தின்ரை உரிமை என்ரை பேரிலை. நான் சம்மதமெண்டு கையெழுத்து வைச்சால்தான் மேற்கொண்டு நடக்கும். அவ சண்டை பிடிச்சால் நானும் பிடிப்பன், எனக்குச் சண்டை புதிசே? பிடிக்கிறா இல்லை. ஞாயிற்றுக்கிழமையளிலை போன் எடுப்பா. ‘தம்பி, அவருக்குக் குளிரும்’ எண்டுவா. குளிரும் எண்டுபோட்டு வைச்சிடுவா. என்ரை மனிசியும் இப்ப அவவோடைதான் போய் இருக்கிறா, துணைக்காம். எனக்குத் துணை வேண்டாமே?

நான் விட்டுக்குடுக்காமல் இல்லை. போன கிழமை நேரை போய்ச் சொன்னனான், ‘அண்ணி, படத்துக்கு ஒருக்கா வந்து பக்கத்திலை நில்லுங்கோ, ரெண்டு நிமிசம், பிறகு நான் கையெழுத்து வைக்கிறன்’ எண்டு. பியர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லுறான், தனி மனிசன் கல்லடியிலை நிண்டால் வேர் மாதிரித் தெரியாது, குடும்பம் வேணும் எண்டு. அண்ணி என்ன சொன்னவ தெரியுமே? ‘அவர் ஒருக்காச் செத்தது எனக்குக் காணும் தம்பி’ எண்டவ. சொல்லிப்போட்டு எனக்குச் சோறு போட்டவ. என்ன செய்யச் சொல்லுறீர்? நான் சாப்பிட்டிட்டு வந்தன்.

பாரும், மாளிகையின்ரை புகைபோக்கி தெரியுது. கிட்ட வந்திட்டம்.

பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? பிழையா நினையாதேயும். உமக்கு வேலை எத்தினை மணிக்கு? இன்னும் நேரம் இருக்கெல்லே. சவக்காலை உம்மடை கடைக்கு எதிர்ப்பக்கம்தான். ஒருக்கா வந்து பக்கத்திலை நிக்கிறீரோ? ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. தலையைக் கொஞ்சம் குனிஞ்சு, அவ்வளவுதான். ஆரெண்டு கேட்டால் அண்ணைக்குப் பெறாமகள், மகள் முறை எண்டு நான் சொல்லிக்கொள்ளுறன். அண்ணைக்குப் பிள்ளையள் இல்லை, உம்மைக் கண்டால் சந்தோசப்படுவார். உண்மையாத்தான் சொல்லுறன், அவர் எங்கை ஒரு தமிழ்ப்பிள்ளையைக் கண்டாலும், சாப்பிட்டியோ எண்டு கேக்கிற மனிசன். ரெண்டு நிமிசம்.

என்ன தேடுறீர் பைக்குள்ளை? இதென்ன, பேனையோ?

ஆ. விளங்குது. அந்தச் சம்மதப் பேப்பர் என்னட்டைத்தான் இருக்கு, ஓம், கோட்டுப் பைக்குள்ளைதான், அண்ணி முத்திரையும் ஒட்டித் தந்தவ. ஆனால் பேனை என்னட்டையும் இருக்கு, பிள்ளை. பேனை இல்லாமலே நான் கையெழுத்து வைக்காமல் இருக்கிறன்? இப்ப வைச்சால் என்ன நடக்கும் எண்டு யோசியும். படம் வெளியிலை வந்து, ஆக்கள் கல்லைப் பாக்கவெண்டு வாற நேரம் கீழை ஒருத்தரும் இல்லையெண்டால்? பியர்ஸ் என்ன சொல்லுவான்? பிரபுவின்ரை முகத்திலை நான் எப்படி முழிக்கிறது? நான் வைக்கமாட்டன் எண்டு சொல்லேல்லை. படம் வரட்டும். பிறகு தேர்தல் வரும், அது முடியட்டும். பிறகு வைப்பன். அவர் என்ன, எங்கையும் போகப்போறாரே?

நீட்டிக்கொண்டே இருக்கிறீர். கை நோகப்போகுது, மடக்கும். சரி, தாரும். தாரும், நான் பாக்கிறன். பஸ் இந்த ஆட்டம் ஆடுது, இதிலை என்னெண்டு எழுதுறது? எழுத்துக் கோணினால் ஏற்கமாட்டாங்கள். நிண்டிட்டுது, இதுதான் எங்கடை தரிப்பிடம். மழையும் துவங்கிட்டுது, வெளியிலை எடுத்தால் பேப்பர் நனைஞ்சுபோம். இந்தாரும், பேனையைப் பிடியும். படம் முடிய வைப்பம். உமக்கு முன்னாலையே வைக்கிறன். அந்தா, பியர்ஸ் குடையோடை நிக்கிறான், எவ்வளவு நல்ல பொடியன் பாத்தீரே.

வாரும், இறங்குவம். உமக்கும் இதுதானே தரிப்பிடம்? ஏன் இருக்கிறீர்? டிரைவர் பாக்கிறான், எழும்பும் பிள்ளை. பிள்ளை? அண்ணைக்கு ஒருத்தரும் இல்லை, பிள்ளை.